மார்த்தா திரும்பி வரவே இல்லை

யன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்குது. வெளியிலை மொட்டை வெயில், உள்ளுக்குக் கும்மிருட்டு. ஒரு ஹோலுக்கையும் விறாந்தையிலையுமா அம்பது அறுபது சனம் நெருக்கிப்பிடிச்சுக்கொண்டு இருக்குது. வேர்வை மணம், மண்ணெண்ணெய் மணம், ஆரோ மடியிலை கட்டிக்கொண்டு வந்த பனம்பழப் பினாட்டு மணம். பின்வளவிலை ஜெனறேற்றர் கத்துது. முன்னுக்கு ஒரு மேசை, மேசையிலை ரிவி, ரிவிக்குப் பக்கத்திலை ஒரு கதிரை. கதிரையிலை என்ரை அக்கா. முன்வரிசையிலை, தூக்கிக்கொண்டு வந்து இருத்தின எங்கடை அப்பா.

எல்லாற்றை கண்ணும் ரிவியிலை, காது அக்காவிலை.

அந்தக் காலத்திலை வேலணையிலை இங்கிலீசுப் படம் எண்டால் இப்பிடித்தான். நாட்டுப் பிரச்சினையாலை இருட்டின பிறகு ஒருத்தரும் வெளிக்கிடுறேல்லை. அதாலை ரவுணிலை இருந்து வீடியோ டெக்கும் படக் கொப்பியும் வாடகைக்கு எடுத்து, மத்தியானத்திலை யன்னலை மூடிப்போட்டுப் பாக்கிறது. இங்கிலீசு தெரிஞ்ச ஒராள் பக்கத்திலை இருந்து தமிழிலை கதை சொல்லவேணும். எங்கடை பக்கத்துக்கு அக்காதான். அவ ரவுணிலை சொந்தக்காரர் வீட்டிலை நிண்டு படிச்சவ. நான் ஊர்ப் பள்ளிக்கூடம்.

கடைசிக் காட்சி ஓடுது. வெளிச்சவீட்டுக்குக் கீழை ஒரு இறங்குதுறை. மார்த்தா முகமூடியைக் கழட்டிப்போட்டு நிக்கிறாள். வயசுபோன தேப்பன் தடியை ஊண்டிக்கொண்டு ஏதோ சொல்லுறார். அவளும் ஏதோ சொல்லுறாள். பிறகு ஒரு கப்பல் கப்பித்தானோடை வள்ளத்திலை ஏறிப் போறாள்.

சனம் முழுக்க அக்காவைத் திரும்பிப் பாக்குது. அக்கா தொண்டையைச் செருமிப்போட்டுச் சொன்னா.

“‘அப்பா, கப்பித்தானை அக்கரையிலை விட்டிட்டுப் பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன். உங்களைத் தனிய விட்டிட்டு நான் எங்கை போறது?’ எண்டு சொல்லுறாள். தேப்பன் ‘எனக்குத் தெரியும் பிள்ளை, நீ போகமாட்டாய்’ எண்டுறார்.”

சனம் கைதட்டினது. நான் அழுதனான்.

கொஞ்சக் கிழமைக்கு முதல், நான் கிழமைக்குக் கிழமை எழுதுற இதே நினைவுத் தொடரிலை அந்தப் படத்தைப் பற்றிப் புளுகித் தள்ளினனான். என்ரை வாழ்க்கையிலை எனக்குப் பிடிச்ச ஒரே படம் எண்டும், அக்கா கதை சொன்ன வடிவு இப்பவும் காதுக்கை நிக்குது எண்டும் எழுதினனான். வாசிச்ச ஆக்கள் மன்னிக்கவேணும். அதிலை எழுதினது அவ்வளவும் பிழை. இண்டைக்கு அதைத் திருத்த வந்திருக்கிறன். நல்ல கோவத்தோடை வந்திருக்கிறன், அதையும் முதலிலையே சொல்லிப்போடுறன்.

வராத புத்தகம்

மார்த்தா முதலிலை படத்திலை வந்தவள் இல்லை, புத்தகத்திலை வந்தவள். ‘மின்னல் மார்த்தா’ எண்டு ஒரு கொமிக்ஸ். வெளிநாட்டுக் கதை, இந்தியாவிலை தமிழாக்கி, மாதம் ஒண்டாக எங்கடை வாசிகசாலைக்கு வரும். உள்ளங்கை அளவு புத்தகம். தாளைத் தொட்டால் விரலெல்லாம் மை. ஒராளுக்கு ஒரு மணித்தியாலம்தான். அதுக்கு மேலை வைச்சிருந்தால் அடுத்தாள் பின்னாலை நிண்டு மூச்சு விடும்.

மார்த்தா வெளிச்சவீட்டுக்காரன்ரை மகள். பகலிலை மீன் விப்பாள், மற்ற நேரம் முகமூடி போட்டுக்கொண்டு கள்ளக்கடத்தல்காரரை உதைப்பாள். எங்களை மாதிரித் தீவிலை இருக்கிற ஒரு பெட்டை, ஆம்பிளையளைப் போட்டு மிதிக்கிறாள்! எனக்கு விசர் பிடிக்காமல் வேறை என்ன பிடிக்கும்?

கடைசியா வந்த புத்தகத்திலை ஒரு கப்பித்தான் வந்து, பெரிய ஊருக்கு வா, உனக்கு அங்கை வேலை இருக்கு எண்டு கேக்கிறான். மார்த்தா ஒரு காலை வள்ளத்திலையும் மற்றக் காலை இறங்குதுறையிலையும் வைச்சுக்கொண்டு நிக்கிறாள். ‘அடுத்த இதழில் முடியும்’ எண்டு போட்டிருந்தது.

அடுத்த இதழ் வரவே இல்லை. நாட்டுப் பிரச்சினை தொடங்கியிட்டுது, புத்தகம் வாறது நிண்டுபோச்சு. நாங்கள் மாதக்கணக்கா வாசிகசாலைக்காரரைப் போட்டு அரியண்டம் பண்ணினம். போறாளோ நிப்பாளோ எண்டு ஊருக்குள்ளை ரெண்டு கட்சி. அனலைதீவிலை இருந்து வள்ளத்திலை வாற பெட்டையளும் இறங்கின உடனை கேக்கிறது இதைத்தான்.

எனக்கு அவள் போகவேணும் எண்டு ஆசை. வெளியிலை சொல்லப் பயமா இருந்தது.

பேந்து அந்தக் கதையைப் படமா எடுத்திருக்கிறாங்கள் எண்டு கேள்விப்பட்டு, ரவுணிலை தேடிப்பிடிச்சுக் கொப்பி எடுத்தது. முடிவு தெரியாத சனம் வேறை என்ன செய்யும்? அதுதான் அவ்வளவு கூட்டம்.

அக்கா கதை சொல்லுறது ஒரு தனி வித்தை. ஆணும் பெண்ணும் கொஞ்சினால் “காய்ச்சலோ எண்டு தொட்டுப் பாக்கிறான்” எண்டுவா. ஒருத்தன் அஞ்சு நிமிசம் கையைக் காலை ஆட்டிக் கதைச்சு முடிக்க, “வரமாட்டானாம்” எண்டுவா. முன்வரிசையிலை இருந்த ஒரு அண்ணை பொறுக்கேலாமல் கேட்டார், “பிள்ளை, அவன் அவ்வளவு நேரம் கதைச்சான், நீர் ஒரு சொல்லிலை முடிச்சுப்போட்டீர்?”

“இங்கிலீசிலை அப்பிடித்தான் அண்ணை, நீட்டி முழக்குவினம்” எண்டா அக்கா. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. நானும் சிரிச்சனான். சிரிச்ச வாய்க்கு ரெண்டு போடவேணும்.

சீலைக்குக் கீழை ஒரு கடிதம்

அந்தப் படம் பாத்த கிழமை என்ரை அலுமாரியிலை, சீலையளுக்குக் கீழை, ஒரு கடிதம் கிடந்தது. மட்டக்களப்பிலை தாதிப் பயிற்சிக்கு என்னை எடுத்திருந்தினம். ரெண்டு கிழமைக்குள்ளை பதில் போடவேணும்.

அம்மா அதுக்கு ரெண்டு வருசம் முதல் போயிட்டா. அப்பா கொழும்புத் துறைமுகத்திலை உத்தியோகம் பாத்துப்போட்டுப் பென்சனோடை வீட்டை வந்தவர். வந்து கனநாள் இல்லை, வாதம் அடிச்சு வலப்பக்கம் விழுந்துபோச்சு. வாயும் போச்சு. ‘ம்’ எண்ட சத்தம் மட்டும்தான் வரும். பருக்கவேணும், குளிப்பாட்டவேணும், தூக்கி இருத்தவேணும்.

அக்காவுக்குக் கனடா மாப்பிள்ளை பேசி முற்றாகி, போறதுக்குப் பேப்பரும் வந்திட்டுது. வீட்டிலை ரெண்டு பெட்டையள். ரெண்டு பேரும் போகேலாது, ஒராள் நிக்கவேணும். இதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லேல்லை. நானும் அக்காவும் ஒரே குசினியிலை ஒருத்தி தேங்காய் திருவ, ஒருத்தி மீன் வெட்டிக்கொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாம் கதைச்சம்.

படம் பாத்து அடுத்த நாள் காலமை, வரவில்லை எண்டு கடிதம் எழுதினனான்.

படத்தைப் பாத்தோ வாழ்க்கையைத் தீர்மானிச்சனி எண்டு நீங்கள் சிரிப்பியள். சிரியுங்கோ. இருபது வயசு. நில் எண்டு சொல்லவும் ஆளில்லை, போ எண்டு சொல்லவும் ஆளில்லை. ஒரு ஆள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும் எண்டு நாயா அலைஞ்சனான். மார்த்தா மாதிரி ஒருத்தியே தேப்பனுக்காகத் திரும்பி வாறாள் எண்டால் நான் ஆர் போறதுக்கு? எனக்கு அந்த முடிவு காணுமா இருந்தது. நிண்டதிலை ஒரு பெருமையும் வந்தது. அந்தப் பெருமையிலைதான் இவ்வளவு காலமும் சோறு திண்டிருக்கிறன்.

அக்கா ரெண்டு மாதத்திலை பறந்திட்டா. நான் அப்பாவைப் பதினொரு வருசம் பாத்தனான். இடம்பெயரேக்கை கதிரையோடை தூக்கிக்கொண்டு ஓடினம். கலியாணம் பேசி வந்தவை அப்பாவைப் பாத்தினம், தேத்தண்ணியைக் குடிச்சினம், போயிட்டினம். அப்பா போன பிறகு ஊருக்குத் திரும்பி வந்து சின்னப்பிள்ளையளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்குடுத்தே வயசு போட்டுது. போன ஆவணியோடை அறுபத்தொண்டு.

இந்த வருசத் தொடக்கத்திலை அக்கா கோல் எடுத்தா. அத்தான் போய் ரெண்டு வருசம். பிள்ளையள் தங்கடை தங்கடை பாடு. குளிர் ஒத்துவருதில்லை, முழங்கால் ஏலாது. “நான் இனி உன்னோடையே வந்து இருந்திடுறன். நீதான் என்னைப் பாக்கவேணும்” எண்டா.

எனக்கெண்டால் நல்ல புளுகம், சந்தோசம் பிடிபடேல்லை. ஓம் எண்டு சொன்னனான். மேசனைப் பிடிச்சு வீட்டோடை சேத்துக் குளியலறை கட்டி, அக்காவுக்கு இருக்க வசதியாக் கொமட்டும் வைச்சன். நல்ல யன்னல் உள்ள அறையை ஒழிச்சு, புது மெத்தையும் போட்டன். அடுத்த மாதத்துக்கு அக்கா ரிக்கற்றும் போட்டிட்டா.

நயினாதீவுப் பிள்ளை

அந்தப் புளுகத்திலை இருக்கேக்கைதான் படத்தைப் பற்றிய அந்த அத்தியாயத்தை எழுதினது. அதை வாசிச்சுப்போட்டு நயினாதீவிலை இருந்து ஒரு பிள்ளை தேடிக்கொண்டு வந்தது. சாம்பவி எண்டு பேர், ஐயர் வீட்டுப் பிள்ளை, ரவுணிலை வேலை. காலமை வள்ளம் பிடிச்சுக் குறிகட்டுவானிலை இறங்கி, பஸ்சிலை வந்து, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு வாசலிலை நிக்குது.

“அன்ரி, உங்கடை மார்த்தா படம் கிடைச்சிட்டுது. கீழை தமிழ் எழுத்தும் ஓடுது. உங்களோடை இருந்து பாக்கவேணும் போலை இருந்தது.”

“உதுக்காகவோ பிள்ளை, உந்த வெயிலுக்கை கடல் தாண்டி வந்தனீர்?” எண்டு கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினனான். அந்தப் பிள்ளையிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. இதை அது வாசிக்கும், அதுக்காகச் சொல்லுறன்.

தேத்தண்ணியும் வைச்சு, லப்ரொப்பை மேசையிலை வைச்சுப் பாத்தம். வெளிச்சவீடு அட்டையிலை செய்தது எண்டு இப்ப வடிவாத் தெரியுது. கடல் ஏதோ தொட்டித் தண்ணி. மார்த்தா அடிக்க முதலே கள்ளன் விழுறான். எண்டாலும் அவள் முதல் தரம் முகமூடியைக் கட்டேக்கை எனக்கு இப்பவும் மயிர் கூச்செறிஞ்சது. படம் நல்ல படம்தான். அதுதான் இன்னும் ஆத்திரம்.

அக்கா சொன்னதுக்கும் எழுத்துக்கும் இடைக்கிடை வித்தியாசம் வந்தது. கொஞ்சுற இடமெல்லாம் நல்லாக் கொஞ்சினம், காய்ச்சல் ஒண்டும் இல்லை. நானும் சாம்பவியும் சிரிச்சுச் சிரிச்சுப் பாத்தம்.

கடைசிக் காட்சி வந்தது. தேப்பன் தடியை ஊண்டிக்கொண்டு வாயைத் திறக்கிறார். கீழை எழுத்து ஓடுது.

‘இந்த விளக்கைக் கப்பல்களுக்காக ஏற்றுகிறேன், உனக்காக அல்ல. போ. எனக்காக நீ இங்கே நின்றால் உன்னை மன்னிக்க மாட்டேன்.’

‘நான் திரும்பி வரமாட்டேன், அப்பா.’

‘அதைத்தானே கேட்கிறேன்.’

அவ்வளவுதான். மார்த்தா வள்ளத்திலை ஏறினாள். போயிட்டாள்.

“பின்னுக்கு விடும் பிள்ளை” எண்டன். விட்டுது. திருப்பியும் அதேதான். “இன்னொருக்கா விடும்.” அதேதான்.

“எழுத்துப் போட்டவன் பிழையாப் போட்டிருப்பானோ? நீர் இங்கிலீசைக் கேட்டுச் சொல்லும்.”

சாம்பவி இயர்போனைக் காதிலை பூட்டிக் கேட்டுப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துது. “இல்லை அன்ரி. அப்பிடித்தான் சொல்லுறார். வடிவாப் போ எண்டுதான் சொல்லுறார்.”

நான் எழும்பிக் குசினிக்குப் போய்த் தேங்காய் உடைச்சுத் திருவினன். ரெண்டு பேற்றை சாப்பாட்டுக்குப் பாதித் தேங்காய் காணும். மூண்டு தேங்காய் திருவினன். கோதாரி விழுந்த தேங்காய், கையையும் கீறிப்போட்டுது. பாவம், அந்தப் பிள்ளை என்ன ஏது எண்டு தெரியாமல் வாசலிலை நிண்டு “அன்ரி, அன்ரி” எண்டு கூப்பிட்டது.

கனடாவுக்கு ஒரு கோல்

சாம்பவியைக் கடைசி வள்ளத்துக்கு நேரத்தோடை பஸ் ஏத்திப்போட்டு, பின்னேரம் ஆறு மணிபோலை கோல் எடுத்தன். அங்கை அப்ப காலமை. அக்கா கோப்பியோடை இருந்தா.

“அக்கா, மார்த்தா படம் பாத்தனான்.”

“எந்த மார்த்தா?”

“வெளிச்சவீட்டு மார்த்தா.”

“எட, அதோ! உனக்கு இன்னும் உந்த விசர் விடேல்லையே?” எண்டு சிரிச்சா.

“அவள் திரும்பி வரேல்லை அக்கா.”

சிரிப்பு நிண்டுது. பிறகு, “அது நாப்பது வருசத்துக்கு முந்தின கதை. நான் என்ன சொன்னனான் எண்டு ஆருக்கு ஞாபகம்?” எண்டா.

“எனக்கு ஞாபகம். பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன் எண்டு சொன்னனீங்கள்.”

“அப்பா முன்னுக்கு இருந்தவரெல்லே. ஏலாத மனுசன். பெத்த பிள்ளை விட்டிட்டுப் போகுது எண்டு அந்தாளின்ரை முகத்துக்கு முன்னாலை எப்பிடியடி சொல்லுறது?”

உண்மையைச் சொல்லவேணும், அந்த ஒரு நிமிசம் எனக்குக் கோவம் இறங்கினது. சரிதானே, மனுசன் மனம் நொந்திருப்பார் எண்டு நினைச்சன். பிறகுதான் படம் பாத்த அடுத்த நாள் காலமை நடந்தது கண்ணுக்கு முன்னாலை வந்தது.

“சரி. அப்பாவுக்காகச் சபையிலை மாத்திச் சொன்னனீங்கள். அடுத்த நாள் எனக்குத் தனியச் சொல்லியிருக்கலாமே? நான் வரவில்லை எண்டு கடிதம் எழுதேக்கை முத்திரை தேடி எடுத்துத் தந்தது ஆர்?”

“சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய்!” அக்கா கத்தினா. “நீ போயிருந்தால் நான் அங்கை கிடந்து மக்கியிருப்பன். எனக்கு அப்ப இருபத்தேழு. அந்தச் சம்மந்தத்தை விட்டால் எனக்கு ஆர் வந்திருப்பினம்? நீ சின்னப்பிள்ளை, உனக்குப் பிறகு ஏதும் அமையும் எண்டு நினைச்சன்.”

பேய்க்காட்டிப்போட்டா. ஊர் முழுக்க வைச்சுக்கொண்டு, கைதட்டும் வாங்கிக்கொண்டு, என்னைப் பேய்க்காட்டிப்போட்டா. அவ தன்ரை கோவத்திலை அடுத்ததையும் கொட்டினா.

“நீதான் ஏமாந்தனி. அப்பா ஏமாறேல்லை. அவருக்கு எல்லாம் விளங்கினது.”

“அப்பாவுக்கு என்ன விளங்கினது?”

“அப்பாவுக்கு இங்கிலீசு தெரியாதோ? துறைமுகத்திலை வெள்ளைக்காரக் கப்பல்காரரோடை காலம் முழுக்கக் கதைச்ச மனுசன். நான் சொல்லி முடிக்க முதலே கதிரைக் கையிலை அடிச்சவர். நல்ல கையாலை, படார் படார் எண்டு. நீ ஓடிவந்து, ‘ஒண்டுக்குப் போகவேணுமாக்கும்’ எண்டு பின்னுக்குக் கொண்டுபோனனி. நல்ல காலம், அந்தாளுக்கு வாய் வரேல்லை.”

நல்ல காலமாம்.

அப்பாவுக்கு இங்கிலீசு தெரியும் எண்டு எனக்குத் தெரியாமலோ? தெரியும். ஆனால் வாய் வராத மனுசனுக்கு விளக்கமும் இல்லை எண்டு, எல்லாரையும் மாதிரி நானும் நினைச்சிட்டன். அண்டைக்கு அவரைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் வேலியோரம் நிப்பாட்டினன். அவருக்கு ஒண்டும் வரேல்லை. என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ‘ம், ம்’ எண்டவர். நான் “பரவாயில்லை அப்பா, ஆறுதலா இருங்கோ” எண்டு சொன்னனான்.

அடுத்த நாள் கடிதத்தை எழுதி அவருக்கு வாசிச்சும் காட்டினனான். அப்பவும் கதிரையிலை அடிச்சார். நான் தண்ணி பருக்கினனான். அதுக்குப் பிறகும் எத்தினை வருசம், எத்தினை தரம் அடிச்சிருப்பார்! ஒவ்வொரு தரமும் தண்ணியோ, சாப்பாடோ, காலுக்கை உளையுதோ எண்டு கேட்டனே தவிர, அந்தாள் போ எண்டு சொல்லுது எண்டு இந்த மரமண்டைக்கு ஏறேல்லை. ஐயோ அப்பா. எனக்குப் போ எண்டு சொல்ல ஒரு ஆள் இருந்திருக்குது. சொல்லிக்கொண்டே இருந்திருக்குது.

அக்காவுக்கு அது தெரியும். நாப்பது வருசமாத் தெரியும். அப்பாவின்ரை சாவீட்டுக்கு வரேலாமல் போனிலை அழேக்கையும் தெரியும்.

“சரி விடு, நடந்தது நடந்துபோச்சு” எண்டா அக்கா. குரல் இறங்கியிட்டுது. “அழாதை. குளியலறைக்குப் பிடிச்சு எழும்பக் கம்பி பூட்டினனியே? எனக்கு முழங்காலாலை ஏலாது கண்டியோ.”

“பூட்டினனான். ஆனால் நீங்கள் வரவேண்டாம்.”

“என்ன?”

“உங்களை நான் பாக்க மாட்டன் அக்கா.”

“உனக்கும் வயசுபோட்டுது, ஏலாதெண்டு சொல்லுறியோ? ஒராளைப் பிடிச்சு உதவிக்கு வைப்பம்.”

“ஏலும். நல்லா ஏலும். அப்பாவைப் பதினொரு வருசம் தூக்கின கை. ஏலும், மாட்டன்.”

அக்கா அழுதா. கூடப் பிறந்தவளுக்கு இப்பிடிச் செய்வியோ எண்டு கேட்டா. நான் போனை வைச்சன். வாழ்க்கையிலை முதல் தரம் ஒருத்தருக்கு மாட்டன் எண்டு சொன்னனான்.

இது நடந்து பத்து நாள். கனடாவிலை இருந்து மருமக்களும் மச்சாள்மாரும் மாறி மாறிக் கோல் எடுக்கினம். ஒரு படத்துக்காக அக்காவைத் தள்ளி வைக்கிறியளோ எண்டு கேக்கினம். நான் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லேல்லை. எல்லாத்தையும் இஞ்சை எழுதுவம் எண்டு வைச்சிருந்தனான்.

ஏனெண்டால் அக்கா இந்தத் தொடரை ஒரு கிழமையும் விடுறேல்லை. ‘என்ரை தங்கச்சி எழுதினது’ எண்டு போட்டு, அங்கை இருக்கிற எங்கடை சொந்தம் முழுக்க அனுப்பி வைக்கிறவ. இந்தக் கிழமையும் அனுப்புங்கோ அக்கா. ஒரு சொல்லும் மாத்தாமல் அனுப்புங்கோ.